அட்டையில் இல்லாமல் போன ‘வாங்க’

அந்த ‘வாங்க’ தானாகக் கழன்று விழுந்ததா, இல்லை என் மகள் பிய்த்து எடுத்தாளா?

இதை அவளிடமே கேட்டாயிற்று. முதல் தடவை, “கீழ கெடந்துச்சு” என்றாள். மறுநாள் வேறு விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டேன். “நான்தான் எடுத்தேன்” என்றாள். எங்கேயிருந்து என்றதும், “கீழருந்து” என்றாள். இன்னொரு முறை கேட்டபோது பதில் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டாள்: “ஏம்மா, அது ஒனக்கு வேணுமா?”

ஐந்து வயதுப் பிள்ளையை இதற்குமேல் எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். வகுப்பில் நாற்காலியின் காலை உடைத்தது யார் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் ஒரு காகிதத் துண்டு எப்படிக் கழன்றது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

அட்டை செய்யும் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசவ விடுப்பில் இருந்தபோது போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிடித்த ஆசை இது. வாழ்த்து அட்டைகளைக் கையாலேயே செய்வது. ஒளி ஊடுருவும் ரப்பரில் பூவும் இலையுமாக வரும் ஸ்டாம்புகளை மையில் ஒற்றி அட்டையில் பதிக்க வேண்டும். டை என்பது ஓரம் கத்தியைப் போல் கூராக இருக்கும் மெல்லிய தகடு. அதையும் அட்டையையும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, சின்ன மெஷினுக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால், தகட்டின் வடிவத்தில் அட்டை வெட்டுப்பட்டு அந்தப் பக்கம் வரும். என் கணவர் அதற்குக் கரும்பு மெஷின் என்று பெயர் வைத்திருக்கிறார். பார்க்க அப்படித்தான் இருக்கும். விருந்தாளி யாராவது வந்தால், “ஒரு கிளாஸ் ஜூஸ் பிழியச் சொல்லவா?” என்பார். நான் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

அறந்தாங்கியில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். மேலே ஓர் அக்கா இருந்தார். அவருடைய கணவர் வெகுகாலமாகக் குவைத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அதனால் மேல் வீட்டில் அவர் மட்டும்தான். என் விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து என் மகளை வைத்துப் பார்த்துக்கொண்டது அவர்தான். நடை பழகியது மேல் வீட்டு வராந்தாவில். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும், மதியம் வேன் வந்து இறக்கிவிட்டால் நேரே படியேறி மேலே போய்விடுவாள். நான் வந்து கூப்பிட்டால்தான் இறங்குவாள். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் மகளுக்கும் அவர் லாத்தாதான்.

போன பெருநாளுக்கு அக்காவுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தேன். பிறை, நட்சத்திரம், கீழே தங்க நிறத் தாளில் டையால் வெட்டிய ‘பெஸ்ட் விஷஸ்’. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு தங்கச்சி. என்ன போட்டிருக்கு?”

படித்துச் சொன்னேன்.

“ஓ. இதுல தமிழ் வராதா?”

வராது என்று சொன்னேன். அப்போது அது சின்ன விஷயமாக இருந்தது. கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் டைகள் எல்லாமே ஆங்கிலம்தான். தமிழில் செய்து தருகிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு விசா வந்தது. அக்கா தன் கணவரிடம் போகப் போகிறார் என்று முடிவானது. எனக்கு முதலில் வந்த எண்ணம், இனி மதியத்திலிருந்து பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதுதான். அதன்பிறகுதான் அக்காவுக்காகச் சந்தோஷப்பட்டேன். இந்த வரிசை சரியில்லை என்று அன்றைக்கே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மேலே போகமாட்டேன் என்றாள். வேன் இறக்கிவிட்டதும் மாடிப்படியின் கீழ்ப்படியில் பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் சீக்கிரமாக வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அக்கா மேலிருந்து குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கம், மேல வாம்மா. பருப்புச் சோறு பெசஞ்சு வச்சிருக்கேன்.”

“வேணாம்.”

“லாத்தா மேல கோவமா?”

“நீங்கதான் போறீங்கல்ல. போங்க.”

நம் பக்கத்தில் ஊருக்குப் போகிறவரிடம் யாரும் வெறும் ‘போங்க’ சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனால்கூட ‘போயிட்டு வாங்க’தான். போகிறவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், ‘வாரேன்’ என்பார். என் மகளுக்கு இது தெரியாமல் இல்லை. தினமும் காலையில் அப்பாவுக்குச் சொல்கிறவள்தான்.

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“போங்கன்னு சொல்றா பாரு ஒம் மக. ‘வாங்க’ன்னும் சேத்துச் சொல்லச் சொல்லு தங்கச்சி. அது இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சொல்லிட்டாளா?” என்று கேட்டார். நானும் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒருமுறை அதட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். இந்தப் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்ததா அவர் பக்கத்திலிருந்து வந்ததா என்று நானும் கணவரும் சண்டை போட்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் அட்டை யோசனை வந்தது. வாயால் சொல்லாவிட்டால் கையால் சொல்லட்டும். அவளுக்குக் கரும்பு மெஷின் சுற்றப் பிடிக்கும். ‘போயிட்டு வாங்க’ என்று ஓர் அட்டையை அவளே செய்து அக்காவிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கட்டாயம் தமிழில். அக்காவுக்குத் தமிழும் அரபியும்தான் படிக்கத் தெரியும்.

பேனாவால் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மகளுக்கு இன்னும் கொம்பும் காலும் போட்டு எழுத வராது. நான் எழுதினால் அது நான் சொன்னதாகத்தான் ஆகும். ஒட்டுவது என்றால் அவளால் முடியும்.

முதலில் ரப்பர் ஸ்டாம்பே செய்துவிடலாம் என்று பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் சீல் கடைக்குப் போனேன். கடை முழுக்கத் தலைமையாசிரியர், செயலாளர், தலைவர் என்று குட்டிக் குட்டிப் பதவிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“எந்த டிபார்ட்மென்டுக்குங்க?”

“வீட்டுக்குத்தாங்க.”

“வீட்டுக்குச் சீலா? அப்ப டோர் நம்பர், தெருப் பேரெல்லாம் வரணுமா?”

அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, ஒரு தாளில் ‘போயிட்டு வாங்க’ என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டீச்சருங்களா?”

“ஆமாங்க.”

“சரிங்க, நாளைக்கு வாங்க.”

மறுநாள் போனபோது ஸ்டாம்பை ஊதா மையில் ஒற்றிக் காகிதத்தில் அடித்துக் காட்டினார். இரட்டைக் கோட்டுப் பெட்டிக்குள், ‘நன்றி! மீண்டும் வருக’ என்று இருந்தது.

“நான் எழுதிக் குடுத்தது இது இல்லீங்களே.”

“நீங்க எழுதினது பேச்சுத் தமிழ்ல இருந்துச்சுங்க டீச்சர். சீல்ல அப்படிப் போட்டா நாளப்பின்ன எவனாச்சும் ஒங்களத்தான் கேப்பான். அதான் திருத்திட்டேன். ‘நன்றி’ எக்ஸ்ட்ரா. அதுக்குக் காசு வேணாம்.”

நான் சண்டை போடவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன். வழியெல்லாம் எரிச்சலாக வந்தது. கடைக்காரர் மேல் பாதி, என் மேல் பாதி. வீட்டுக்கு வந்ததும் கணவர் அதைச் செய்தித்தாளில் நாலு இடத்தில் அடித்துப் பார்த்தார்.

“ஊர் எல்கையில ஆர்ச்சுல போட வேண்டியத நீ கொண்டாந்துட்ட. மேல் வீட்டு அக்கா என்ன, டூரிஸ்டு பஸ்ஸுலயா போறாங்க?”

“சிரிக்காதீங்க.”

“இல்ல, கீழ ஒரு கையெழுத்தும் போட்டுக் குடுத்துரு. அட்டெஸ்டேஷன் ஆயிரும்.”

அதோடு அது போகவில்லை. கடைக்காரர் சொன்னது சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அச்சில் வருவது எழுத்துத் தமிழாகத்தானே இருக்க வேண்டும்? ‘சென்று வாருங்கள்’, ‘போய் வாருங்கள்’, ‘சென்று வருக’ என்று எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். எதைப் படித்தாலும் யாரோ மேடையில் நின்று சொல்வது போல் இருந்தது. அக்கா கேட்டது ‘வாங்க’. அவர் கேட்ட சொல்லை விட்டுவிட்டு இலக்கணமான ஒன்றைக் கொடுத்து என்ன பயன்? கடைசியில் ‘போயிட்டு வாங்க’தான் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது வேறு கதை.

என்னிடம் இருந்தது ஆங்கில எழுத்து டை பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து தமிழைக் கட்ட வேண்டும். L அப்படியே ‘ட’ ஆகிவிட்டது. U-வின் அடியைச் சதுரமாக நறுக்கினால் ‘ப’. U-வைத் தலைகீழாகக் கவிழ்த்தால் துணைக்கால். J-வையும் U-வையும் ஒட்டவைத்தால் ஒரு மாதிரியான ‘ய’. ‘டு’வின் வாலுக்கு O-வில் பாதி. முன்னால் வரும் கொம்புக்கு எண் 6-ஐ வெட்டிச் சரிக்கட்டினேன். புள்ளிக்கு, பள்ளியில் தாளில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினில் விழும் வட்டங்கள். இதுவரைக்கும் எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு கர்வம் இருந்தது.

‘வாங்க’வுக்கு வந்ததும் எல்லாம் நின்றது. வ, ங, க மூன்றும் எந்த ஆங்கில எழுத்துக்குள்ளும் அடங்கவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். ‘ங’வின் உள்வளைவில் ஒவ்வொரு முறையும் கிழிந்தது. ‘க’ ஒருமுறை ‘த’ போல வந்தது, ஒருமுறை நாற்காலி போல வந்தது. மூன்று சாயங்காலம் அந்த ஒரு சொல்லுக்கே போனது. விடைத்தாள்கள் திருத்தாமல் கிடந்தன. “இந்த ‘ங’வ யாருதான் கண்டுபிடிச்சாங்களோ!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். அதுவரை அந்தப் பக்கமே வராமல் இருந்தவள்.

“ம்மா, கரும்பு மெஷின் நான் சுத்தவா?”

சுற்றினாள். இலை வடிவ டையில் ஒரு பச்சை அட்டையை வைத்துக் கொடுத்தேன். கைப்பிடி பாதியில் இறுக்கிக்கொண்டது. தட்டு உடைவது போல் சத்தம் வந்தது. நான் பயந்து, “விடு, விடு” என்றேன். அவள் விடாமல் இரண்டு கையாலும் தொங்கி இழுத்துச் சுற்றினாள். இலை விழுந்தது. பார்த்துச் சிரித்தாள். அக்கா விஷயம் தெரிந்ததற்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புள்ளிகளை ஒட்டுவது அவள் வேலை. ‘ட்’டுக்கு வைத்தாள். ‘ங்’குக்கு வைக்கும்போது நிறுத்தினாள்.

“இது என்ன எழுத்து?”

“ங.”

“இத வச்சு என்ன எழுதுறது?”

“வாங்க.”

“அப்புறம்?”

யோசித்தேன். அவசரத்துக்கு, “போங்க” என்றுதான் வந்தது.

“அதுலயும் இதேதானா?”

“இதேதான்.”

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புள்ளியை அதன் தலையில் வைத்து விரலால் அழுத்தினாள்.

“இத குடுத்தா லாத்தா போயிருவாங்களா?”

“குடுக்காட்டியும் போவாங்கடா.”

“குடுத்தா வருவாங்களா?”

“வாங்கன்னு போட்டிருக்கோம்ல.”

“எப்ப?”

“லீவுக்கு.”

“எந்த லீவுக்கு?”

அது எனக்கும் தெரியாது. பூ ஸ்டாம்பை எடுத்துக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அவள் அடித்த பூக்கள் எல்லாம் இரட்டையாக விழுந்தன. மை அதிகம், கை ஆட்டம். நேராக வை, நேராக வை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில், “நீயே வை” என்று எழுந்து போய்விட்டாள். நான் வேறு தாளில் நேராக நாலு பூ அடித்து, அதையே ஒட்டிவிடலாமா என்று கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தாளை மடித்துக் குப்பையில் போட்டேன். அவளுடைய இரட்டைப் பூக்களே இருக்கட்டும் என்று விட்டேன். அதில்கூட, சரியாகத்தான் செய்கிறேனா என்று ஒரு மணி நேரம் குழம்பினேன்.

எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். முழுச் சொல்லும் அட்டையின் முன்பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் ‘போயிட்டு’ வெளியே, ‘வாங்க’ உள்ளே என்று பிரித்தேன். இடம் போதாமல் செய்த காரியம்தான். ஆனால் செய்து முடித்துத் திறந்து பார்த்தபோது, கதவைத் திறந்ததும் உள்ளே ‘வாங்க’ என்று நிற்பது போல நன்றாகவே இருந்தது. ‘வாங்க’வைப் பச்சை இலை அட்டையில் ஒட்டி, இலைக்கு அடியில் தடித்த பஞ்சு டேப்பை நான்கு இடத்தில் வைத்து, அட்டையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கும்படி செய்தேன். பசை தடவி ஒட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எழும்பி நின்றால் அழகு என்று வீடியோவில் சொன்னார்கள். கேட்டேன்.

அக்கா புறப்படும் நாள் காலையில் திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. கருவாட்டுப் பொட்டலத்தை உள்ளே வைப்பதா வேண்டாமா என்று அக்காவும் டிரைவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையை உறைக்குள் போட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றாள். நான் அக்காவின் சாவியை வாங்கி வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கார்க் கதவருகில் இருந்தாள். உறையை நீட்டினாள்.

அக்கா அவளைத் தூக்கிக்கொண்டார்.

“இப்ப சொல்லு தங்கம். லாத்தா போயிட்டு?”

மகள் அக்காவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போயிட்டு?” என்று அக்கா மறுபடி எடுத்துக் கொடுத்தார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உள்ள எழுதியிருக்கா அக்கா,” என்றேன் நான். “அவளே ஒட்டினது. வண்டி கெளம்பினதும் பிரிச்சுப் பாருங்க.”

“அப்படியா! அப்ப சரி,” என்றார் அக்கா. அவள் நெற்றியில் முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு, “வாரேன் தங்கச்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினார். நான் போயிட்டு வாங்க என்று சொன்னேன். கணவரும் சொன்னார். அக்கா கேட்டது எங்களுடையதை இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகு போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

“தங்கச்சி, நல்லபடியா வந்து சேந்துட்டேன். வீடு பதினோராவது மாடி, லிஃப்டுல போனா காது அடைக்குது. கருவாடு பத்தரமா வந்துருச்சு. ஒம் மக அட்டைய ஏரோபிளேன்லதான் பிரிச்சேன். வெளிய ‘போயிட்டு’ன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா? ரெண்டு பஞ்சுத் துண்டுதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. வாங்கன்னு வைக்க மனசு வரலயா ஒம் மகளுக்கு?” அதன்பிறகு ஒரு சிரிப்பு. அதன்பிறகு ஏசி ஓடும் சத்தம். “சரி, சின்னப்புள்ள தானே. சாப்பிட்டாளா?”

அந்தச் சிரிப்பை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கணவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

“சிரிக்கிறாங்க. அம்புட்டுத்தான்.”

“வருத்தமா சிரிக்கிற மாதிரி இல்ல?”

“சிரிப்புல இம்புட்டு வகை இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா தாயே.”

உடனே அக்காவுக்குப் பதில் அனுப்பினேன்: கட்டாயம் வைத்திருந்தோம், டேப் விட்டுப்போயிருக்கும், உறைக்குள் பாருங்கள், காரில் விழுந்திருக்கும். உறையைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் கார் டிரைவருக்குக்கூடப் போன் போட்டேன். பச்சை இலை ஒன்று கிடந்ததா என்று கேட்டேன். “வேப்பெலைதான்க்கா கெடக்கு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுடைய பென்சில் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். அழிரப்பருக்கு அடியில் அந்தப் பச்சை இலை இருந்தது. ‘வாங்க’ முழுசாக, புள்ளியோடு இருந்தது.

இலையைத் திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த நாலு டேப்பில் இரண்டு அக்காவின் அட்டையிலேயே நின்றுவிட்டது. மற்ற இரண்டு இலையோடு வந்திருந்தது. அதில் ஒன்றில் அட்டையின் மேல்தோல் உரிந்து ஒட்டியிருந்தது. அப்படியென்றால் யாரோ இழுத்திருக்கிறார்கள். இன்னொன்று சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் சரியாக ஒட்டாமல் தானே விட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். மேலே சொன்ன மூன்று விசாரணையும் அதன்பிறகுதான் நடந்தது.

என்னை அலைக்கழிப்பது இதுதான். விழுந்திருந்தால் அது என் டேப்பின் தவறு. அக்காவிடம் சொல்லிவிடலாம், இலையைத் தபாலில் அனுப்பிவிடலாம், முடிந்தது. அவள் பிய்த்திருந்தால்? நான் சாவி வாங்கப் போன அந்தச் சின்ன நேரத்தில் உறையைத் திறந்து, அக்கா கேட்ட ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள் என்றால், அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? ‘விழுந்திருக்கும்’ என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இலையைக் கண்டெடுத்ததை இன்னும் சொல்லவில்லை. அக்கா வாரம் ஒருமுறை பேசுகிறார். அவளைக் கூப்பிடு என்கிறார். இவள் போனைக் கண்டாலே கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். “தூங்குறாக்கா” என்கிறேன். பகல் பதினோரு மணிக்குக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் துணிந்து, அவளுக்குத் தெரியாமல் இலையை எடுத்து ஒரு தபால் உறைக்குள் வைத்தேன். சாயங்காலம் பென்சில் பெட்டியைத் திறந்தவள் அழவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

“என் வாங்க எங்க?”

“அது லாத்தாவோடதுடா. அவங்களுக்கு அனுப்பணும்ல.”

“அனுப்ப வேணாம்.”

“ஏன்?”

“லாத்தா வந்து வாங்கிக்கிடட்டும்.”

கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேலை முடிந்து உட்கார்ந்ததும் மறுபடி சந்தேகம். அன்றைக்குக் காலையில் இதை நினைத்துத்தான் எடுத்தாளா? இல்லை, கீழே கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, நான் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்ததால் இப்போது ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாளா? இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கணவர் சொல்கிறார்: “புள்ளைக்குப் பிசினப் பாத்தா பிக்கத் தோணும். பிச்சிருக்கும். நீ ஏன் அதப் போயி ஆராய்ச்சி பண்ற? விடு.” அவருக்கு விடுவது சுலபம். இப்போது மதியத்தில் என் பள்ளிக்கு வந்து இருந்துவிட்டு என்னோடு வீடு திரும்பியதும், மேல் வீட்டுப் பூட்டை அவள் தினமும் ஒருமுறை படியேறிப் போய் இழுத்துப் பார்ப்பதை அவர் பார்ப்பதில்லை. அவர் வீடு வருவதற்குள் அவள் இறங்கிவிடுகிறாள்.

இன்னொரு ‘வாங்க’ வெட்டி அனுப்பலாம். இப்போது எனக்கு ‘ங’ நன்றாகவே வருகிறது. ஆனால் அது நான் வெட்டி நான் அனுப்பியதாக இருக்கும். பென்சில் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பி, அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம் என்று ஒருநாள் தோன்றும். அக்கா கேட்டால் நெகிழ்ந்துவிடுவார், அடுத்த விமானம் எப்போது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். வெகுகாலம் கழித்துக் கணவரோடு இருக்கப் போனவரை இங்கே இழுப்பது எந்த நியாயம்? அதே படத்தைப் பார்த்து, கேட்ட ஒரு சொல்லையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டாளே என்று அவர் வருத்தப்பட்டாலும் படலாம். என்னால் இரண்டையும் நினைத்துப் பார்க்க முடிகிறது. அதனால் எதையும் செய்யாமல் இருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். ஒரு பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு ஊர் விட்டுப் போனவர்களும் இருப்பீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு அதிக ஆசை. நீங்கள் அக்காவாக இருந்தால் இந்த விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பீர்களா? நான் அவளிடம் கேட்பதை நிறுத்திவிட வேண்டுமா? தபாலில் அனுப்பலாமா, பெட்டியிலேயே விட்டுவிடலாமா?

பெரிய கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் ஒரு சின்னக் கேள்விக்காவது சொல்லுங்கள். பென்சில்களோடு உரசி உரசி, ‘ங்’கின் தலையில் இருந்த புள்ளி நேற்று விழுந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, “ம்மா, ஒட்டித் தா” என்கிறாள். பசை மேசை மேல்தான் இருக்கிறது. நாளைக்கு ஒட்டித் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒட்டினால், அந்த ‘வாங்க’ அவளுடையதுதான் என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒட்டிக் கொடுக்கலாமா?